விலைச்சீட்டு இல்லாத அலமாரி

காலை பதினொரு மணிக்கு நாக்கு சுத்தமாக இருக்கும். பரிசுக்கு ஒயின் தேர்ந்தெடுக்க அதுதான் நல்ல நேரம். லூசியானின் அறுபதாவது பிறந்தநாளன்றும் நான் பதினொரு மணிக்குத்தான் அலமாரி முன் நின்றேன்.

நீங்கள் எரிவாயுவைப் பற்றிக் கேட்டீர்கள், நீதிபதி அம்மா. லூசியானின் வீடு வெடித்தது மே மாதத்தில். அந்தப் பிறந்தநாள் பாட்டில் பிப்ரவரியைச் சேர்ந்தது. அங்கிருந்து வந்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. எனக்கு ஒயின் கடை இருக்கிறது. லூசியானுக்கு மூக்கு இருந்தது. அவன் முகர்ந்து தலையசைத்தால்தான் அந்த வருடத்து ஒயின் நல்ல ஒயின்.

இருபது வருடங்களுக்கு முன் நானும் ஒரு துண்டு நிலம் வாங்கி ஒயின் போட்டேன். அறுவடை விருந்தில் முதல் கோப்பையை லூசியானிடம் கொடுத்தேன். நெடுநேரம் முகர்ந்தான்.

“நல்லாத்தான் இருக்கு, கஸ்பார். நாலு கீரைய பிச்சுப் போட்டு எண்ணெய ஊத்து. சாலட் ரெடி.”

சாலட்டில் ஊற்றும் காடி அளவுக்கு என் ஒயின் புளிக்கிறதாம். மேசை முழுதும் சிரித்தது. மேயர் எதியேன் இருமி இருமிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் பெயர் சாலட். மேயர் என்ற முறையில் என் கல்யாணத்தை நடத்திவைத்தபோது, எதியேன் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் வாசித்தார். நான் கேலியை மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் லூசியானுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதன் பிறகு ஒரு நாள் அவன் வீட்டில் சாப்பிட்டேன். எங்கள் பக்கத்துப் பாலாடைக்கட்டி ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினால் நாற்றம் தாங்காமல் இறக்கிவிடுவார்கள். அதைப் பிரித்து அவன் மூக்குக்குக் கீழே வைத்தேன். அவன் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

அவன் மூக்கு போய்விட்டதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தால் இன்னும் நல்லது என்று பட்டது.

அதனால் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். என் கடையில் கடைசி அலமாரிக்கு விலைச்சீட்டு கிடையாது. விலை கேட்கிறவர்கள் அதன் பக்கம் வருவதில்லை. அங்கிருந்து ஒரு பாட்டிலை லியோன் நகரத்து மருத்துவர் ஒருவர் வாங்கிப்போய், அன்று காலைதான் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். தக்கை கெட்டுவிட்டது. அப்படியானால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை ஒயினில் ஏறும். ஒயினைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட முகம் சுளிப்பார்கள். அவர் குடித்திருந்த இரண்டு மடக்கை என் சொந்த ஒயினால் நிரப்பினேன். புதுத் தக்கை அடித்தேன். கழுத்துக்கு உறை போட்டு, நீல நாடா கட்டினேன்.

மலிவான பாட்டில் என்றால் சும்மா சிரித்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். விழுகிறவன் உயரத்திலிருந்து விழ வேண்டும்.

நல்ல விருந்து. வாத்து நன்றாக வெந்திருந்தது. பாட்டிலில் இருந்த பெயரைப் பார்த்ததும் எதியேன் எழுந்து நின்றார்.

“டேய் சாலட், கடைய வித்துட்டியா?”

லூசியான் முதலில் முகர்ந்தான். கண்ணை மூடினான். ஒரு வாய் குடித்தான்.

“காட்டுச் செர்ரி,” என்றான். “மழை விட்ட தோப்பு. சாலட், என் ஆயுசுல எனக்கு யாரும் இப்படி ஒண்ணு கொடுத்ததில்ல.”

பிறகு எல்லோரும் குடித்தார்கள். நான் காத்திருந்தேன். எதியேனின் கன்னம் உப்பி அப்படியே நின்றது. தபால்காரர் ரொட்டியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். எதியேனின் மனைவி பெர்னதெத் லூசியானைப் பார்த்தாள். பிறகு கோப்பையை நீட்டினாள்.

“செர்ரியேதான். எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

“எல்லாத்தையும் நீயே குடிச்சிராத,” என்றார் எதியேன்.

அவர்கள் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் போட்ட ஒயினை ஒரு வாய்க்கு மேல் யாரும் பொறுத்துக்கொண்டதில்லை.

தெருவில் வைத்துப் பெர்னதெத் என் சட்டைப் பொத்தானைப் பிடித்தாள்.

“இதப் பத்தி வெளிய யாராவது மூச்சு விட்டா, பல்ல உடைச்சிருவேன். உன்னதும் சேத்துத்தான்.”

தவறு என்னுடையது. விலை அதிகமாகிவிட்டது. அவ்வளவு விலையுள்ள பாட்டிலைக் கெட்டது என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மறுநாள் லூசியான் கடைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

“எனக்கு மூக்கு போயிருச்சு, சாலட். நேத்து நீ கொடுத்த ஒயின்ல எனக்கு ஒரு மண்ணும் தெரியல. எப்படி இருந்துச்சு, சொல்லு?”

“அருமை,” என்றேன்.

அவன் அழுதான். அவ்வளவு நல்ல ஒயினை எனக்காக எடுத்து வந்தவன் நீ, உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்றான். மனைவி போன பிறகு அவன் தனியாகத்தான் இருந்தான். சமையலறையில் பழைய சிலிண்டர் அடுப்பு. அதைக் கண்டாலே இப்போது பயம் என்றான்.

“ஞாயித்துக்கிழமை வந்து வீட்ட ஒரு சுத்து மோந்து பாத்துட்டுப் போ. நீ பக்கத்துல இருக்கறப்ப மட்டும்தான் அடுப்பப் பத்த வைப்பேன். ஏதாவது நாறினா சத்தம் போடு. நீ சும்மா இருந்தா எல்லாம் சரின்னு எடுத்துக்குவேன்.”

நான் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. பால் திரிந்ததைச் சொன்னேன். அலமாரிக்குப் பின்னால் எலி செத்ததைச் சொன்னேன். எங்களுக்குள் இவ்வளவு நெருக்கம் முன்பு இருந்ததில்லை.

மே மாதத்து அந்த ஞாயிறு மாலை அவன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மறந்து, தோட்டத்தில் நாற்காலி போடப் போனான். நான் கோப்பை எடுக்க உள்ளே போனேன். பால் பொங்கித் தீ அணைந்திருந்தது. வாயு வந்துகொண்டிருந்தது. குமிழைத் திருப்பினால் போதும்.

நான் அடுப்பைத் தொடவில்லை. உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சாத்தினேன். வெளியே வரும்போது கதவையும் சாத்தினேன்.

இதமான மாலை. ஒரு மணி நேரம் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். என் ஒயினைத்தான் கொண்டுபோயிருந்தேன். அவனிடம் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். அப்போது அவன் கோப்பையைத் தூக்கிப் பார்த்தான்.

“மூக்கு இல்லாம குடிச்சா உன் ஒயின் ஒண்ணும் மோசமில்லடா, சாலட்.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இருட்டத் தொடங்கியதும் நான் எழுந்து வாசல் கம்பிக்கதவு வரை நடந்தேன். அவன் வீட்டுப் பக்கம் போனான். அன்று முழுதும் நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைக் கதவு திறந்தது. தீப்பெட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்டது.

“சாலட், காபி போடறேன், குடிச்சிட்டுப் போ. உள்ள எல்லாம் சரிதானே?”