மூன்றாவது மாடியில் கேட்ட சத்தம்

என் பெயரையும் முகவரியையும் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது எழுபத்து மூன்று. நகராட்சிக் கட்டட வரைபடப் பிரிவில் வரைவாளராக முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. மகள் வீட்டின் பின்னறையில் வசிக்கிறேன். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் பேசினால் எனக்குக் கோவை தவறிவிடும் என்பதால், சொல்லப்போவதை முதலில் பிரித்துக்கொள்ள உதவி ஆய்வாளரிடம் அனுமதி கேட்டேன். "உங்க இஷ்டம் பெரியவரே" என்றார். அதன்படி:

1. இறந்தவருக்கும் எனக்கும் இருந்த பழக்கம்.
2. திங்கட்கிழமை நான் அவர் வீட்டு வாசல்வரை சென்று திரும்பியது.
3. அவர் உள்ளே விழுந்து கிடந்ததை நான் அறிந்துகொள்ள வழி இல்லாதது.
4. ஞாயிற்றுக்கிழமை நான் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தது.

ஆறு ஆண்டுகளாக 'அடிக்குறிப்பு' என்ற பெயரில் பழைய கட்டடங்களைப் பற்றி வலைப்பூ எழுதி வருகிறேன். வாசிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். இறந்தவர் 'ஈரக்குடை' என்ற பெயரில் எழுதினார். லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் பதிவு வெளியாகும். நான் ஆறே காலுக்குப் பின்னூட்டம் எழுதுவேன். எங்கள் வட்டத்தில் ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் கேட்பதில்லை. சொல்ல வேண்டியதைப் பின்னூட்டத்தில் சொல்வதே வழக்கம்.

நான்காவது ஆண்டில் நேரில் சந்திப்பது என்று முடிவு செய்தோம். ரயில் நிலையக் கடிகாரத்தின் கீழ் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் அலைபேசியில் தட்டிக்கொண்டே நின்றார். அதன் பிறகு என் பதிவின் கீழ் "வந்துட்டேன்யா, எங்க இருக்கீர்?" என்று ஒரு பின்னூட்டம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், அவரும் நிமிர்ந்தார். "யோவ் குறிப்பு! இவ்வளவு நேரம் என் காலையா மிதிச்சிட்டு நின்னீர்?" என்றார். எனக்கு எழுபத்தோராவது வயதில் வாய்த்த நண்பர் அவர். அதற்கு முன் அப்படி ஒருவரைச் சொல்ல எனக்கு இல்லை.

அதன் பிறகு இருமுறை அவர் வீட்டுக்குச் சென்றேன். மூன்றாவது மாடி. அவர் தனியாக இருந்தார். "ஊரையே மேல ஏத்தி இறக்கினேன், எனக்கு வாய்ச்சது படிக்கட்டு" என்பார். இரண்டாம் முறை, எழுதியதை உடனே வெளியிடாமல் குறித்த நாளில் தானாகவே வெளிவரச் செய்யும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். "அதெல்லாம் உம்மை மாதிரி ஆளுக்கு. எழுதின கையோட போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். அன்றே, அடுத்த மாதம் ஒரு வாரம் நான் அவருடன் தங்குவது என்றும், இந்த ஊரில் இன்னும் ஓடுகிற கம்பிக்கதவு லிப்ட் ஐந்திலும் ஏறிப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டோம். கடந்த திங்கள் காலை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை அவர் ஒரு கட்டடத்துக்கு ஏழு மாடி என்று எழுதினார். ஆறு மாடிதான் என்று வரைபட எண்ணுடன் பின்னூட்டத்தில் திருத்தினேன். இரண்டு பேர் அதற்குச் சிரித்தார்கள். அவர் "சரிங்க சார்" என்று மட்டும் எழுதினார். ஆறு ஆண்டுகளில் அவர் என்னை சார் என்று அழைத்ததில்லை. அன்றும் மறுநாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குத் துணிப்பையுடன் அவர் வாசலில் நின்றேன். அழைப்பு மணியை இருமுறை அழுத்தினேன். திறக்கவில்லை. அலைபேசியில் பார்த்தபோது அன்றைய பதிவு ஆறு மணிக்கே வந்திருந்தது. அதன் பிறகு கீழ் வீட்டுத் தையல்கார அம்மா படியேறி வந்து, "உள்ளதான் சார் இருப்பாரு. விடியக்காலையிலேர்ந்து ஒரே தட்டுற சத்தம். எதையாவது கழட்டி மாட்டலைன்னா அவருக்குப் பொழுது போகாது. நல்லா சத்தமா தட்டுங்க" என்றார். நான் நின்றபோது சத்தம் எதுவும் இல்லை. என்னைக் கண்டுதான் வேலையை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை. பிறகு வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டில் மகள், "ஒரு வாரம்னு போனீங்க, ஒரு மணி நேரத்துல வந்து நிக்கிறீங்க, என்னப்பா?" என்று கேட்டாள். நண்பருக்கு வேலை என்றேன். பையை அவிழ்க்காமல் கட்டிலுக்கடியில் வைத்தேன். அதன் பிறகு செவ்வாய் முதல் சனி வரை தினமும் ஆறு மணிக்கு அவர் பதிவு வந்தது. தினமும் படித்தேன். ரோஷத்தில் ஒன்றுக்கும் பின்னூட்டம் எழுதவில்லை.

ஞாயிறு காலைப் பதிவில் அவர் எழுதியிருந்தது: "இந்த ஒரு வாரமும் நான் வீட்டில் இல்லை. அடிக்குறிப்போடு லிப்ட் லிப்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஏழு பதிவையும் முன்னதாகவே எழுதி வைத்துவிட்டேன். வித்தை சொல்லிக்கொடுத்தது அந்த மனிதர்தான். ஏமாந்தீர்களா?" நான் அதை மூன்று முறை படித்தேன். அதன் பிறகு நிலையத்துக்குத் தொலைபேசி செய்தேன். நான் அங்கு போய்ச் சேர்ந்தபோது கதவை உடைத்திருந்தார்கள். குளியலறைத் தரையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கையில் இருந்த தண்ணீர்க் குவளையின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கூடத்தில் இரண்டு கட்டில் போட்டிருந்தது. ஒன்றில் உறை மாற்றிய தலையணை இருந்தது. செவ்வாய் மாலை வரை உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிரித்துச் சொன்ன நான்கில் மூன்றாவதை அடித்துவிடக் கேட்டேன். எழுதிய தாளில் அடிக்கக் கூடாது, வேண்டுமானால் கடைசியில் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். ஆகவே சேர்த்துச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு அவர் ஒரு பதிவில் இப்படி எழுதினார்: "லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தட்டுவார்கள். தட்டுகிறவரை எனக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் நான் படியேறி ஓடுவேன்." அதன் கீழ் ஆறே காலுக்கு நான் எழுதிய பின்னூட்டம் இப்போதும் இருக்கிறது: "நல்ல தகவல். குறித்துக்கொண்டேன்."

மூன்றாவதாகச் சொன்னது தவறு. வழி இருந்தது.

அது நீங்கலாக, மேலே உள்ளவை நானாகச் சொன்னவை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்குத் தெரிந்தவரை உண்மை.

(கையொப்பம்)