ஆள வேண்டியவர்

இறங்குமிடம் தவறிவிடுமோ என்று தரிப்பிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகருக்குப் போகும் பேருந்தில் முன்னிருக்கைப் பெண்கள் இருவர் தமிழில் பேசினார்கள்.

"என்ர மனுசனுக்கு விசா வந்திட்டுது. ஆனா வரமாட்டாராம்," என்றார் மூத்தவர்.

"ஏனக்கா?"

"ஊரில பிரஜைகள் குழுவுக்கு, ஆமியிட்டையும் இயக்கத்திட்டையும் சனத்துக்காகப் பேசுற குழுவுக்கு, தலைவராக்கிப் போட்டினம்."

"முந்தின தலைவரைச் சுட்டுப்போட்டாங்கள் எல்லே?"

"ஓம். இவர் கிரேக்க நாகரிகம் படிப்பிச்ச மனுசன். பதவி ஆசையில்லாத அறிவாளிதான் ஆளவேணும், அவன் ஒதுங்கினா மூடன் ஆளுவான் எண்டு வருசக்கணக்கா வகுப்பில சொன்னவர். இப்ப நான் ஒதுங்கலாமோ எண்டு கேக்கிறார்."

"பிள்ளையள் அப்பாவைத் தேடுதுகள். இஞ்ச வந்து வீட்டை ஆளச் சொல்லுங்கோவன்."

மூத்தவர் மணியை அழுத்தினார். பேருந்து நின்றதும் எழுந்தார்.

"எப்பிடிச் சொல்லுறது? நானும் அந்த வகுப்பில படிச்சனான்."