மணிக்கூண்டுப் பக்கம் நின்ற கல்

வாய்மூடி இருந்தது போதும், அவையோரே! ஒன்பது ஆண்டு விழுங்கிய சந்தேகத்தை இன்று சொல்கிறேன்.

தலைமை தாங்கும் மேயர் ஓனொரா பாஸ்கியே அவர்களே! முன்வரிசைப் பாதிரியார் அவர்களே! ரோன் நதி வெள்ளத்தில் சேறு சுமந்த தாய்மார்களே! வணக்கம்.

திரை விலகிய இந்தப் படத்தைப் பாருங்கள். பாரிஸ் இன்று கொண்டாடும் ஓவியர், நம்மூரில் தங்கியபோது நாணற்பேனாவால் கிறுக்கியது. குனிந்து களை கொத்தும் பெண், குட்டையாய் ஒரு பாதாம் மரம், தூரத்தில் மணிக்கூண்டு. அவ்வளவே! அன்று நம் தலைவர் என்ன சொன்னார்? "எங்க வீட்டுக் கோழி இதைவிட நல்லாக் கிறுக்குமேப்பா!" சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவன்தான்.

நேற்று இதைச் சுவரில் மாட்டினேன். ஏணியைப் பிடித்திருந்தவர் விதவை ஃபிலோமேன். படத்தில் குனிந்திருப்பவரும் அவரே. "பாவி மனுஷன், என் முதுகை வாளிக் கைப்பிடி மாதிரி வளைச்சிருக்கான்!" என்றவர், சட்டென்று என் காலைப் பற்றினார். "அண்ணே... கல்லு! மரத்தைத் தாண்டி, மணிக்கூண்டுப் பக்கம் நிக்குது பாருங்க!"

பார்த்தேன். சுத்தியலை வைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன்.

எந்தக் கல்? அவர் நிலத்தையும் மேயர் நிலத்தையும் பிரிக்கும் எல்லைக்கல்! படத்தில் மரம் யாருடையது? ஃபிலோமேனுடையது. இன்று யாருடையது? கல் மரத்துக்கு இப்பால் நிற்பதால் மேயருடையது! "ஆத்துத் தண்ணி கல்லைப் புரட்டுச்சு, இருந்த எடத்துலயே நட்டுட்டேன், போம்மா" என்றாரே! நீதிமன்றமும் நம்பியதே! மூலையில் ஓவியர் இட்ட தேதியோ வெள்ளத்துக்கு முந்தைய ஏப்ரல்!

எல்லைக்கல் நடும்போது நாம் என்ன செய்வோம்? கூரை ஓடு ஒன்றை இரண்டாக உடைத்து அடியில் புதைப்போம். சாட்சி என்போம். துண்டுகள் பொருந்தினால் அதுவே எல்லை. கல்லை நகர்த்தியவர் பழைய இடத்தில் கிடக்கும் சாட்சியை மறந்தார்! தோண்டப்போன ஃபிலோமேனை அவர் காவலாள் மறித்தான்: "எசமான் நெலத்துல மண்வெட்டி வெச்சே, கம்பிதான் எண்ணணும்!" ஒரு பெண்ணின் பிழைப்பு அந்தச் சேற்றுக்கடியில் கிடக்கிறது, அவையோரே! யார் தோண்டுவது?

நாளை மேடையில் முழங்கவே இதை எழுதினேன். எழுதியதைப் படித்ததும் புரிந்தது. மேடையில் சொன்னால், விருந்து முடியுமுன் அந்த ஓட்டுத்துண்டுகள் காணாமற்போகும். என் பெயரிட்டு எழுதினால், பழைய பகை பேசுகிறது என்பார் மேயர். பகை உண்டு, மறுக்கவில்லை. ஓட்டுத்துண்டுக்குப் பகை கிடையாது. ஆகவே, மாவட்ட நீதிபதி அவர்களே, அவைக்குரிய நன்றியும் வணக்கமும் உங்களுக்கே. படத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு வாருங்கள். நாளை மேடையில் நான் மேயரைப் பாராட்டிப் பேசுவேன். இதைக் கையெழுத்தின்றி இப்போதே தபாலில் சேர்க்கிறேன்.