கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டு

என் பெயர் அருள்நாயகம். முப்பத்திரண்டு ஆண்டுகள் சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். நூலகத்தில் இரவல் பெறும் நூல்களைத் தவணைக்கு ஒரு நாள் முன்பே திருப்பிக் கொடுப்பேன். தேநீருக்குச் சீனி இடேன். நம் ரொறன்ரோ முதியோர் சங்கத்தின் செயலாளராகிய நீர் கேட்டதனால், பிள்ளை நிலாணி, நடந்ததை எழுதுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்கள் தம் புதல்வரைக் கல்விப் பயணமாக இத்தாலிக்கு அனுப்புவர். அவர்கள் சிலை, ஓவியம், சிப்பி, எரிமலைக் கல் என வாரிவந்து அலுமாரிகளில் அடுக்கினர். பிற்காலத்து அருங்காட்சியகங்கள் பல அவ்வலுமாரிகளின் பிள்ளைகளே. நம் மண்டபத்திலும் அத்தகைய அலுமாரியொன்று வேண்டுமெனக் கருதி, சென்ற வைகாசியில் நண்பர் பொன்னம்பலத்துடன் இத்தாலி சென்றேன்.

பத்து நாளில் எட்டு நாள் பலேர்மோவில் அவருடைய உறவினர் வீடுகளில் இடியப்பம் உண்டோம். ஒன்பதாம் நாள், எற்னா எரிமலையில் தேங்காயளவு கல்லொன்றை எடுத்தேன். பத்தாம் நாள் விமான நிலையத்தில், ரொறன்ரோச் சொந்தங்களுக்கென அவ்வுறவினர் தந்துவிட்ட பார்சல்களால் பெட்டியின் நிறை கூடிற்று. பொன்னம்பலம் என் கல்லை எடுத்துக் குப்பைத்தொட்டியில் இட்டார்.

"உது றோட்டுக்குப் போடுற கல்லெல்லே மாஸ்ரர். மச்சாளின்ரை பலகாரத்தை விட்டிட்டுப் போனா நான் பிறகு அங்கை தலை காட்டேலாது."

நான் கோபிக்கவில்லை.

பொன்னம்பலத்துக்குச் சத்திரசிகிச்சையில் எடுத்த சிறுநீரகக் கல்லொன்று இருந்ததை நீர் அறிவீர். மாத்திரைப் போத்தலில் இட்டு, காண்போர்க்கெல்லாம் காட்டுவார். புரட்டாதியில் ஒரு நாள் அதனை மண்டபத்துத் தேநீர் மேசையில் மறந்து சென்றார். பழைய அலுமாரிகளில் மனித உடலில் விளைந்த கற்களுக்கும் இடமுண்டு. ஆகவே எடுத்தேன். மண்டபத்துக்கு வாங்கிய கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் வைத்து, 'எற்னா எரிமலைத் துண்டு' என்றெழுதினேன்.

அலுமாரியின் திறப்பு விழாவில் முதலில் குனிந்து பார்த்தவர் பொன்னம்பலமே.

"நான் எறிஞ்சனானெல்லே?"

"சட்டைப்பையில் ஒரு சிதறல் எஞ்சியிருந்தது" என்றேன்.

"நல்ல வடிவாய்க் கிடக்கு. என்ரையும் கிட்டத்தட்ட உப்பிடித்தான். அந்த மரியோதான் கூட்டி அள்ளிப்போட்டான், நாசமாப் போவான்."

அவரது முறைப்பாட்டின் பேரில், மண்டபத்தைத் துப்புரவு செய்யும் மரியோவை இரு வாரங்களாக நிறுத்திவைத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை முற்றாக விலக்கப்போவதாகவும் அறிந்தேன். அவர் குற்றமற்றவர். கல்லை இத்துடன் இணைத்துள்ளேன். அவரை உடனே வேலைக்கு அழையும்.

இன்னொன்றையும் எழுதிவிடுவது நேர்மை. சென்ற மாதப் பரிசோதனையில் பொன்னம்பலத்தின் இடப்பக்கத்தில் வேறொரு கல் வளர்வது தெரியவந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், பசளிக்கீரையைத் தொடவே கூடாது என்றார் வைத்தியர். பொன்னம்பலத்துக்கு ஆங்கிலம் போதாது. அன்று கூடச் சென்று மொழிபெயர்த்தவன் நான். தண்ணீரின் அளவைச் சற்றுக் குறைத்துச் சொன்னேன். கீரையைச் சொல்லவேயில்லை. அன்று முதல் நாள்தோறும் என் கையால் பசளிக்கீரைக் கறி சமைத்துக் கொண்டுபோகிறேன். தனித்திருக்கும் நண்பருக்கு இதனைக்கூடச் செய்யாவிடின் நட்பென்பது எதற்கு? அவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்கிறார்.

ஆதலால் நடுத்தட்டு சில காலம் வெறுமையாயிருக்கட்டும். தை மாதம் அவருடைய அடுத்த பரிசோதனை வரை கீரையை நிறுத்துவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.