பித்தளை ஒட்டு

காலை ஆறு இருபது பேருந்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் வந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டம் இல்லை.

காவல் நிலையத்தில் உட்காரச் சொன்னார்கள். உதவி ஆய்வாளர் பெயர் இளமதி. என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். தண்ணீர் கொடுத்தார். அவரிடம் நான் சொன்னது இதுதான்.

என் பெயர் சந்தியாகு. வயது அறுபத்தொன்று. கடலூர் முதுநகரில் கேஸ் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். சைக்கிள் ஃபிரேம் உடைந்தால் என்னிடம் வருவார்கள். அந்தக் குழாய் மெல்லியது. கரண்ட் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுந்துவிடும். பித்தளைக் கம்பியை உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

போன ஆகஸ்ட் கடைசியில் வெள்ளாற்றுப் பாலத்து இறக்கத்தில் ஆரோக்கிய ஜெகன் என்பவன் இறந்தான். சைக்கிளில் வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தான். கீழே விழுந்தவன்மேல் பின்னால் வந்த லாரி ஏறியது. லாரி ஓட்டுநர் சபாபதி, குமராட்சிக்காரர். அவர்மேல் வழக்கு நடக்கிறது. அவர் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

"அந்த கேஸு எங்களுதுதான்" என்றார் இளமதி. "செத்துப்போனவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"மருமகன். பதினஞ்சு நாள் போயிருந்தா ஆயிருப்பான்."

அவர் எழுதத் தொடங்கினார். நான் நிதானமாகச் சொன்னேன்.

என் மனைவி ரீட்டா இறந்து ஏழு வருடம் ஆகிறது. எனக்கு ஒரே மகள் பெலிசியா. நர்ஸ் வேலை. காலையில் சமைத்து, சோற்றை ஹாட்பாக்ஸில் போட்டுவிட்டுப் போவாள். மாலையில் வந்ததும் இரண்டு பேரும் டீ குடிப்போம். பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள், நான் இந்தப் பக்கம். எனக்கு அது போதும்.

அவளுக்கு நான்கு வரன் வந்தன. ஒருவன் குடிப்பவன். ஒருவன் ஊர் தூரம். மற்ற இருவருக்கும் என்ன காரணம் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. சரியான காரணமாகத்தான் இருக்கும். பெலிசியா வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தாள்.

ஐந்தாவதாக வந்தவன் ஜெகன். எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவன்தான். சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குடிக்க மாட்டான், கோவிலுக்கு வருவான், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான். அவனிடம் குறை எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். பெலிசியா என்னிடம், "ஒரு மணி நேரம்தானப்பா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துருவேன்" என்றாள். ஞாயிறு போக ஆறு நாள் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்களில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்பார். மூன்று முறையும் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த தடை ஒன்றும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் ஜெகன் சைக்கிளைக் கொண்டுவந்தான். வருடாவருடம் எங்கள் பங்கிலிருந்து பதினான்கு, பதினைந்து பேர் சைக்கிளில் மாதா கோவிலுக்குப் போவார்கள். கிளம்புவதற்கு முன் எல்லாச் சைக்கிளும் என் கடைக்கு வந்தாக வேண்டும். பார்த்து, சரியாக இருந்தால் சீட்டுக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு இல்லாத சைக்கிளைச் சாமியார் மந்திரிக்க மாட்டார். நானேதான் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். இருபது வருடத்தில் ஒரு சைக்கிளும் வழியில் உடைந்ததில்லை.

ஜெகனின் சைக்கிள் பழைய இரும்பு ஃபிரேம். ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில், குழாயில் விரிசல் இருந்தது. பாதிச் சுற்றளவுக்கு ஓடியிருந்தது.

"வேற சைக்கிள் வாங்கேன்ப்பா" என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லிப் பார்த்தேன்.

"ஏழு வருசமா இதுலதான் மாமா மாதாகிட்ட போறேன். புதுசுல போனா யாருடா நீன்னு கேக்கும்" என்று சிரித்தான்.

கூட வந்திருந்த அவன் நண்பன் பழனிவேல், "டேய், மாமனாரு கையால வைக்கிற ஒட்டு. ஒன் கல்யாணத்தவிட கெட்டியா நிக்கும்" என்றான்.

அவர்களைப் போகச் சொல்லிவிட்டு வேலையை எடுத்தேன்.

முறைப்படி என்றால், பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட வேண்டும். இல்லாவிட்டால் அது ஒட்டுக்கு அடியிலேயே நடந்துகொண்டிருக்கும். பிறகு வெங்காரப் பொடி. சூட்டில் அது கண்ணாடி மாதிரி உருகி இரும்பின் அழுக்கை எடுத்துவிடும். அப்போதுதான் பித்தளை விரிசலுக்குள் இறங்கிப் பிடிக்கும். பொடி இல்லாவிட்டால் உருண்டு ஓடும். நெருப்பைக் குறைத்து, பொறுமையாக வைத்தால் இரும்பின்மேல் உட்காரும். உட்காருமே தவிர ஒட்டாது. அதற்கும் கைப்பழக்கம் வேண்டும். அரம் போட்டுப் பெயிண்ட் அடித்துவிட்டால், பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் துளை போடவில்லை. பொடியும் வைக்கவில்லை.

"மறந்துட்டீங்களா?" என்றார் இளமதி.

"இல்ல. பொடி டப்பா கை பக்கத்துலதான் இருந்தது. மூடி வச்சேன்."

ஒட்டு முதல் நாளே விட்டுவிடும் என்று நினைத்தேன். முதுநகர் தாண்டுவதற்குள் ஒரு வேகத்தடையில் விழுவான், கை உடையும், திருமணம் மூன்று மாதம் தள்ளிப்போகும். மூன்று மாதத்தில் எவ்வளவோ நடக்கும். அவ்வளவுதான் நினைத்தேன். பாலத்து இறக்கம் வரை அது தாங்கும் என்று நான் கணக்கிடவில்லை. என் கையைப் பற்றி நானே குறைவாக நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஜெகன் திரும்ப வந்தான். பெலிசியாவும் கடையில் இருந்தாள்.

"மாமா, மிதிக்கிறப்ப கிறுக் கிறுக்குன்னு ஒரு சத்தம் வருது."

ஓட்டிப் பார்த்தேன். ஒட்டுக்கு அடியில் விரிசல் நடந்துகொண்டிருந்தது. காதிலேயே தெரிந்தது. அப்போது அரை மணி நேரம் போதும், பிரித்து முறையாக வைத்திருக்கலாம். கேஸ் சிலிண்டரையும் இன்னும் மூடவில்லை.

"சீட்டு ஸ்பிரிங்குதான்" என்றேன்.

"நான் சொன்னேன்ல? ஒன் வெயிட்டு தாங்காம அழுவுது" என்றாள் பெலிசியா. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ரீட்டா இருந்தபோதுகூட.

ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டேன். பிறகு வெள்ளைப் பொட்டு வைத்தேன்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஜெகனின் அம்மா ஞானமேரி, நீங்கள் திருப்பிக் கொடுத்த, இரண்டு துண்டாக இருந்த ஃபிரேமை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். லாரி ஏறியதில் உடைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "இத ஒண்ணா சேத்துக் குடுங்கண்ணே. அவன் ரூம்புல நிறுத்தி வச்சிக்கிறேன்" என்றார். உடைந்த இடத்தில் பித்தளை தனியாக உரிந்து நின்றது. அடியில் இரும்பு கறுப்பாக இருந்தது. தொழில் தெரிந்தவன் ஒருவன் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தடவை துளை போட்டேன். வெங்காரம் வைத்தேன். அந்த ஒட்டு இனி விடாது. ஆகவே உங்களுக்கு அத்தாட்சி எதுவும் கிடைக்காது. என் வாய்ச்சொல் மட்டும்தான்.

இளமதி ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பினார்.

"அதுக்கப்பறம் எட்டு மாசம் எப்படி இருந்தீங்க?"

நன்றாகத் தூங்கினேன் என்றேன். உண்மை அதுதான். பெலிசியா நாற்பது நாள் கழித்து வேலைக்குப் போனாள். வந்து சமைத்தாள். மாலையில் டீ. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முன்னைவிடக் குறைவாகப் பேசினாள். முகம் வாடித்தான் இருந்தது. காலம் போனால் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பரங்கிப்பேட்டை ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து, பெலிசியாவிடம் ஒரு கவர் கொடுத்துவிட்டுப் போனார். மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை. விசா வந்துவிட்டது. அதுவரை என்னிடம் சொல்லவில்லை.

"எவ்ளோ நாளு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம்னு போட்டுருக்காங்க. புடிச்சிருந்தா இருந்துருவேன்ப்பா. இங்க முடியல."

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. சூட்கேஸின் சக்கரம் ஒன்று ஆடியது, நானே சரிசெய்து கொடுத்தேன். நாளை மறுநாள் சென்னையிலிருந்து விமானம்.

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த லாரி ஓட்டுநரை நினைத்துக்கொண்டேன். பாவம், குடும்பஸ்தர். செய்யாத தப்புக்கு நீதிமன்றத்துக்கு அலைகிறார். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. காலையில் முகம் கழுவி, பெலிசியாவிடம்கூடச் சொல்லாமல் பேருந்து ஏறினேன். என்னை உள்ளே வைத்தால் அவளுக்குத்தான் முதலில் தகவல் கொடுப்பீர்கள். அவள் வந்து நிற்பாள். ஜாமீன், வக்கீல் எல்லாம் அவள்தான் பார்க்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்.

இளமதி எழுதுவதை நிறுத்தினார். பிறகு பேனாவை மூடினார்.

"லாரிக்காரரு எட்டு மாசமாத்தான் பெரியவரே அலையுறாரு. நாளன்னிக்குப் பொண்ணு பிளேன் ஏறுது. இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"