கரையில் நின்றவனுக்கு ஒரு பதக்கம்

— இந்த நாட்டுல தகுதி இல்லாதவன் நெஞ்சுல ஒரு போர்ப் பதக்கம்கூட ஏறலைன்னா, அதுக்குக் காரணம் நான் ஒருத்தன்தான். எழுதி வெச்சுக்கோ, நிக்கானோரு.

— எழுதிக்கிறேன், தலைவரே. ‘சிரிலோ, கோப்பைக் கடை, வெற்றிக் கேடயங்கள் சல்லிசு’ன்னு தலைப்புப் போட்டே எழுதிக்கிறேன். செத்துப்போன நம்ம அனிசெத்தோவுக்கு ஒரு பதக்கம் செஞ்சு குடுங்க.

— ஊரே மதியத் தூக்கத்துல கிடக்கு. கடைக்கதவப் பேத்தெடுக்குறாப்ல தட்டுனது இதுக்கா?

— நாலு மணிக்கு அவன் சவப்பெட்டிய எடுக்குறாங்க. மால்வினாஸ் தீவுச் சண்டைக்குப் போன நம்ம ஊர் வீரர் சங்கத்துப் பசங்க கொடியோட வந்து நிப்பாங்களான்னு கேட்டேன். பதக்கம் இருக்கான்னு என்னையவே திருப்பிக் கேக்குறாங்க.

— சரியாத்தான கேட்டிருக்காங்க? நான் தலைவரானதும் போட்ட விதி அது. பெட்டி மேல பதக்கம் இருந்தாத்தான் கொடி. சட்டம் என்ன சொல்லுது? எண்பத்திரெண்டுல தீவு மண்ண மிதிச்சிருக்கணும். இல்ல, நடுக்கடல்ல இங்கிலீஷ்காரனோட மோதியிருக்கணும். உன் அனிசெத்தோ எங்க இருந்தான்?

— கரையில.

— கரையில! கடலுக்கு இந்தப் பக்கம்! பென்குயினுக்குக் காவல்!

— எண்ணெய்த் தொட்டிக்குக் காவல், தலைவரே. நானும்தான் பக்கத்துக் குழியில கிடந்தேன். எங்க பட்டாளத்துக் கம்பெனிய ஏ, பி, சி எழுத்து வரிசையில தீவுக்கு விமானத்துல ஏத்துனாங்க. பாதியில எடை கூடிப்போச்சுன்னு கதவச் சாத்திட்டாங்க. ‘எல்’ எழுத்து லோபெஸ் ஏறிட்டான். அனிசெத்தோ குடும்பப் பேரு மைதானா, ‘எம்’. அடுத்த ஆளு.

— அதுக்கு அவங்க அப்பனத்தான் கேக்கணும்.

— அடுத்த விமானம் நாளைக்குன்னாங்க. சண்டை முடியுற அன்னிக்கும் நாளைக்குன்னுதான் சொன்னாங்க. தெனம் ராவுல மூட்டையக் கட்டித் தலைக்கு வெச்சுத்தான் படுப்பான், பாவம்.

— நான் இந்தக் கொரியெந்தெஸ் மாகாணத்து வெயில்ல பொறந்தவன்டா. அங்க பனிச் சகதியில முழங்கால் வரைக்கும் நின்னேன். ஆட்ட அடிச்சுப் பச்சையாத் தின்னேன். நீங்க கரையில சூடா ரொட்டி—

— ரொட்டியா? அத வாயில வெச்சா—

— மண்ணெண்ணெய் வாடை.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சொல்லிக் கேள்விதான். சங்கத்துல நாலு பேரு நாலும் பேசுவாங்க. இந்தா, சூடா மாத்தே டீ குடி. போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் வந்தான். பள்ளிக்கூட மேடையில ஏறணுமாம், குத்திக்க ஒண்ணு வேணுமாம். சோடா மூடியக் குத்திக்கோன்னு விரட்டினேன். செய்யாததுக்குப் பதக்கம் போட்டுக்கிறவன் காலையில எழுந்து எப்படிச் சவரம் பண்ணுவான்? கண்ணாடி பாக்க வேணாமா?

— அனிசெத்தோ தாடி வளத்துட்டான், தலைவரே. எட்டு வருஷம். தலைநகரத்துல, ஜனாதிபதி மாளிகைக்கு எதுக்க, கூடாரத்துல. கரையில நின்னவங்களையும் போர் வீரர்னு ஒத்துக்கச் சொல்லி மனு மேல மனு. மழைக்கும் பனிக்கும் நகரல. நெஞ்சுச் சளி முத்திப்போய்த்தான் ஊருக்குக் கொண்டாந்தோம்.

— கேள்விப்பட்டேன்.

— இந்த நோட்டப் பாருங்க. கரையில நின்னவங்களுக்குன்னு அவனா வரைஞ்ச பதக்கம். முதல் வருஷத்தது இது. பீரங்கி, கழுகு, சுத்திவர இலைக் கொத்து.

— கழுகா இது? பட்டினி கிடந்த கோழி.

— மூணாவது வருஷம் அதப் பறக்க விட்டுட்டான். பீரங்கியும் போச்சு. துப்பாக்கியோட ஒரு ஆளு. அதுக்கப்புறம் துப்பாக்கியும் இல்ல, பாருங்க. குழியில உக்காந்து கடலப் பாக்குற ஆளு மட்டும்.

— கடைசிப் பக்கத்துல என்ன, ஒண்ணையும் காணோம்?

— வட்டம். மேல நாடா மாட்ட ஒரு ஓட்டை. உள்ள என்னடா போடறதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். ‘நாம என்ன செஞ்சோம், போடறதுக்கு’ன்னான். அன்னிக்கே சாயங்காலம் போய்ட்டான்.

— நோட்ட மூடு.

— இந்த வட்டத்தையாவது வெட்டிக் குடுங்க, தலைவரே. வெறும் தகடு. அதுல எந்தச் சட்டமும் உடையாது.

— வெறும் தகட்டுக்கு என் பசங்க நிக்க மாட்டாங்க.

— தெரியும். அவன் தங்கச்சி நிப்பா. நான் நிப்பேன். ரெண்டு பேரு ஒரு பெட்டியத் தூக்க முடியாது, வண்டிதான் வெக்கணும்.

— மணி என்ன?

— ஒண்ணேகால்.

— கதவச் சாத்து. தாழ்ப்பாளையும் போடு.

— எதுக்கு?

— மேல் தட்டுல நாடா இருக்கும், வானநீலமும் வெள்ளையும். ஒரு சாண் வெட்டு. அந்த அடுப்பப் பத்த வை. வெள்ளீயம் உருக நேரமாகாது.

— தலைவரே... சட்டப்படி குடுக்குற பதக்கமா? அசல் மாதிரியேவா?

— பசங்க கிட்டத்துல வந்து பாப்பாங்க. அசல் மாதிரிதான் இருக்கணும்.

— அப்ப உங்க பதக்கத்தச் சுவத்துலேர்ந்து கழட்டட்டுமா? அத வெச்சுத்தான அச்சு எடுக்கணும்?

— எடுக்க வேணாம். அடி இழுப்பறையில அச்சு இருக்கு. சுவத்துல தொங்குறதையும் அதுலதான் ஊத்துனேன்.