பழைய திரியில் எழுதாதீர்கள்

— பூட்டினது நீதானே? அத மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் அப்பறம்.

— நான்தான் மம்மி. என் பேரு எகோசா. நீங்க போன்ல எழுதற அந்த மன்றத்த பாத்துக்கறவன். மன்றத்துக்குள்ளயே உங்களுக்கு மூணு தடவ எழுதினேன். நீங்க தெறந்தே பாக்கல. அதான் கடையத் தேடி நேர்ல வந்தேன்.

— அதையெல்லாம் நான் எதுக்குத் தெறக்கறேன்? நேத்து சர்ச் முடிஞ்சு வந்து, காதுல கம்மலக்கூட கழட்டாம, எப்பவும் போல நொமாவுக்கு ரெண்டு வரி எழுதினேன். அனுப்பலாம்னு அமுக்கினா செவப்பு எழுத்துல வருது, 'இது பழைய திரி, இங்கே எழுதாதீர்கள், புதிய திரி தொடங்குங்கள்'னு. என் புள்ளகூட பேசறதுக்கு நீ யாருய்யா கதவ சாத்தறதுக்கு? தள்ளி நில்லு, எண்ணெ தெறிக்கும்.

— அதாவது மம்மி, எந்த மன்றத்துலயும் இது ஒரு மரியாத. ஒரு வரி எழுதினாலும் அந்தத் திரி, அதாவது அந்தப் பேச்சு முழுக்க, எல்லாத்துக்கும் மேல வந்துடும். அடங்கிப் போன பழைய பேச்ச அப்படி இழுத்து மேல கொண்டு வரக்கூடாது. தொண்ணூறு நாள் யாரும் பேசலன்னா…

— யாரும் பேசலயா? நான் வாராவாரம் பேசறேனே! ஒரு ஞாயித்துக்கெழம விட்டுருக்கேனா? மலேரியா வந்து படுத்தப்பக்கூட பொண்ணு கையில போனக் குடுத்து எழுத வெச்சேன்.

— அது பேச்சு இல்ல மம்மி. 'சாப்டியா நொமா', 'இங்க மழ', 'தங்கச்சிக்கு பொண்ணு பொறந்திருக்கு'. திரியோட கேள்வி என்ன? 'அகாதெஸ் வழியா லிபியா போறவங்க யாராவது இருக்கீங்களா, எந்த டிரைவர் நல்லவன்'. அந்தக் கேள்வி ஆறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு.

— கேட்டவன் வீட்டுக்கு வரல. எப்படி முடியும்?

— நான் சொல்ல வர்றது என்னன்னா, புதுசா ஒண்ணு தொடங்கலாம். நானே தொடங்கித் தரேன். 'நொமாவைப் பார்த்தீர்களா'ன்னு தலைப்பு. போட்டோ போடுவோம். ஒரு மாசத்துக்கு மன்றத்தோட உச்சியிலயே வெக்கறேன். யாருக்கும் இதுவரைக்கும் செஞ்சதில்ல.

— சரி. அந்தப் புதுசுல நான் எழுதினா யாரு போன் அடிக்கும்?

— தொடங்கினவங்க போன். பதில் எழுதினவங்க போன்.

— ஆக உன் போனும் என் போனும். உன்கிட்ட பேசறதுக்கா இத்தன வருஷமா தட்டிக்கிட்டு இருக்கேன்? கேளு தம்பி. பழசு நொமா ஆரம்பிச்சது. அதுல எவன் என்ன எழுதினாலும் அவனுக்கு மணி அடிக்கும். நானா சொல்லல, உங்க மன்றத்துலயே அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டு படிச்சேன்.

— ஆறு வருஷம் ஆச்சு மம்மி. அந்தப் போன் இன்னும்…

— சொல்லாத. என் கடையில நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய சொல்லாத. உங்க மன்றத்துல எவனோ என்ன 'பொணம் தோண்டற கெழவி'ன்னு எழுதினான். அன்னிக்குக்கூட நான் அழல.

— அத நான் அழிச்சுட்டேன். அவனையும் வெளிய அனுப்பிட்டேன்.

— பெரிய உபகாரம். வேல வெட்டி இருந்தா கெளம்பு. இந்த ஏனத்துல இருக்கற பயறு மாவு முழுக்க அக்கரா வட போட்டு முடிக்கணும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்துரும்.

— நான் வந்தது மரியாதைக்காக மட்டும் இல்ல. உக்காருங்களேன் ஒரு நிமிஷம்.

— சட்டி காயுது.

— சாக்போன்பா ரோட்டுப் பக்கம் மூணு பசங்க. உங்க காதுக்கு வந்திருக்கும்.

— பாலைவனத்துல லாரிய நிறுத்தி எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னாங்களே, அந்தப் பசங்களா? எங்க சர்ச்ல அவங்களுக்காக ஜெபம் பண்ணோம்.

— ரெண்டு பேர் அங்கயே போயிட்டாங்க. ஒருத்தன் மட்டும் வந்திருக்கான். நான் போய்ப் பாத்தேன். அந்த டிரைவர் நம்பர் எங்கேருந்துடா கெடச்சதுன்னு கேட்டேன்.

— எங்கேருந்து?

— மன்றத்துலேருந்து மம்மி. ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் தெறந்திருக்கான். எல்லாத்துக்கும் மேல நொமாவோட திரி நின்னுருக்கு. மேல நின்னா புதுசுன்னுதானே எல்லாரும் நெனப்பாங்க? தேதிய எவன் பாக்கறான்? நம்பர எழுதிக்கிட்டான், கூட்டாளிங்கள சேத்துக்கிட்டான், கெளம்பிட்டான்.

— ஞாயித்துக்கெழமயா?

— ஆமா.

— அப்ப… அப்ப அத மேல கொண்டு வந்து வெச்சது நானா?

— உங்களுக்கு எப்படித் தெரியும் மம்மி? நீங்க புள்ளைய விசாரிச்சீங்க.

— கர்த்தாவே. நான் சாப்டியான்னுதானே கேட்டேன். அத மட்டுந்தானே கேட்டேன். அந்த ரெண்டு அம்மாவும் எங்க இருக்காங்க? நான் அவங்க வீட்டுக்குப் போகணும். போய் என்னன்னு சொல்லுவேன்? இந்த விரலாலதான்னு காட்டுவேனா?

— மம்மி, சட்டி. கருகுது. எறக்கி வெக்கறேன் இருங்க.

— கருகட்டும்.

— தண்ணி குடிங்க.

— அந்தப் பையன் வேற என்ன சொன்னான்?

— தண்ணி ரெண்டு கேன்தான் எடுத்துட்டுப் போனாங்களாம். திரியில ரெண்டு போதும்னு எழுதியிருந்துச்சாம்.

— எழுதியிருக்கு. எனக்கு மனப்பாடம். நொமா கேட்டதுக்கு முதல்ல வந்த பதில். 'பயப்படாதே தம்பி, நான் இந்த டிரைவரோடுதான் போனேன், நாலே நாள், தண்ணீர் இரண்டு கேன் போதும், ரொட்டி எடுத்துக்கொள், கடவுள் துணை.' கீழ நம்பர். அத என்கிட்டயும் படிச்சுக் காட்டினான் நொமா. நான்தான் சொன்னேன், எழுதறத பாத்தா நல்ல மனுஷனா தெரியுதுடா, போன்னு. நான்தான் சொன்னேன்.

— இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க மம்மி.

— சரி. அந்த நம்பர அழிச்சுரு. நம்பர் இல்லாட்டி எவனும் போகமாட்டான்ல?

— போன வாரமே அழிச்சுட்டேன்.

— அப்பறம் என்ன? பூட்ட எடு. ஞாயித்துக்கெழமைக்கு பதிலா மாசத்துக்கு ஒரு தடவ எழுதறேன். ஒரே வார்த்த எழுதறேன்.

— முடியாது மம்மி.

— இப்பதான நம்பர் இல்லன்னு சொன்ன? ஆபத்து போயிடுச்சே. இன்னும் எதுக்குப் பூட்டு?

— மன்றத்துக்குன்னு ஒரு மொற…

— மொறயக் கொண்டு போய் குப்பையில போடு! மூஞ்சியப் பாத்து பேசு. எதுக்கு எண்ணெச் சட்டியவே பாத்துக்கிட்டிருக்க?

— என்னால முடியல மம்மி. அவ்வளவுதான் சொல்லத் தெரியுது.

— சரி, ஒரு பேரம் பேசுவோம். நீ பூட்டிக்கோ. நான் வாயத் தெறக்கல. ஆனா அந்த முதல் பதில் எழுதினான் பாரு, அவன எனக்குக் கண்டுபிடிச்சுக் குடு.

— அவன் எதுக்கு?

— நான் நொமாவுக்கு மட்டும் எழுதறேன்னு நெனச்சியா? நான் எழுதினா அவனுக்கும் மணி அடிக்குமே. பேரு இருந்த எடத்துல 'உறுப்பினர் விலகிவிட்டார்'னு இருக்கு, ஆனா மணி அடிக்குமில்ல? என்னிக்காவது ஒரு நாள், இந்த அம்மா இப்படிக் கத்தறாளேன்னு மனசு எரங்கி ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன். அவன் போய்ச் சேந்தவன் தம்பி. அந்தப் பக்கத்த பாத்தவன். ஜெபத்துல நொமா பேருக்கு அடுத்து அவன் பேருதான் சொல்லுவேன். பேரு தெரியாததால, 'நாலு நாள்ல போன பையன்'னு சொல்லுவேன்.

— அவனுக்காக ஜெபம் பண்ணாதீங்க.

— ஏன் பண்ணக்கூடாது? அவன் எழுதினதுல தப்பு என்ன? அவனுக்கு ரெண்டு கேன் போதுமா இருந்துருக்கு. டிரைவர் அப்ப நல்லவனா இருந்துருப்பான், அப்பறம் கெட்டுருப்பான். நீ மன்றத்த பாத்துக்கறவன். யாருன்னு உனக்குத் தெரியும். தெரியும்ல?

— தெரியும்.

— உசுரோட இருக்கானா?

— இருக்கான்.

— ஏசுவே! எங்க? இத்தாலியிலயா?

— இல்ல. இங்கதான். நம்ம பெனின் ஊருலயேதான்.

— திரும்பி வந்துட்டானா? அப்ப வண்டி எடுக்கச் சொல்லு, இப்பவே போவோம். அடுப்ப அணைச்சுடறேன். கூட்டிட்டுப் போறியா இல்லயா?

— மம்மி. ஞாயித்துக்கெழம நீங்க எழுதறப்ப எல்லாம் என் போன்தான் அடிக்குது. ஆறு வருஷமா. சாப்பாட்டுல கை வெக்கறப்ப 'சாப்டியா நொமா'ன்னு வரும். நான் பேர எடுத்தேன், படத்த எடுத்தேன், மணி மட்டும் நிக்கல. அதான் பூட்டினேன். அந்தப் பசங்களுக்காகன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். நெசம் அது இல்ல.

— நீயா? அந்தப் பதில் நீ எழுதினதா?

— நான் எழுதினது.

— இத்தன நேரம் என் முன்னாடி நின்னுக்கிட்டு… நீயா? உக்காரு. எதுக்கு நிக்கற, உக்காருப்பா. இந்த ஸ்டூல இழுத்துக்கோ. இந்தா, இது கருகல, சாப்பிடு. கூழு ஊத்தட்டுமா? அழாத. உன்மேல எனக்குக் கோவம் இல்ல, சத்தியமா இல்ல. நீ போன வழியதான் என் புள்ளைக்கும் காட்டுன. வேற யாரு காட்டுனா?

— மம்மி, கேளுங்க…

— நீ கேளு. ஆறு வருஷமா நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கேன். நொமா கடைசியா கானோவுலேருந்து பேசினான். 'நம்ம நாட்டுல இதான் மம்மி கடைசி பெரிய ஊரு, நாளைக்குக் காலையில கெளம்பறோம்'னான். கானோ வரைக்கும் எனக்குத் தெரியும். வெங்காயம் எடுக்க லாரியில போயிருக்கேன். அதுக்கு அங்கிட்டுதான் எனக்கு எதுவுமே தெரியல. கண்ண மூடினா கானோவோட எல்லாம் நின்னுடுது. என் புள்ள லாரியில ஏறறான், அதோட படம் அந்துடுது. நீ சொல்லு. ஒவ்வொரு நாளா சொல்லு. ராத்திரி எங்க படுப்பீங்க? குளிருமா? பசங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப்பாங்களா? ஒருத்தன் முடியாமப் போனா கூட யாராவது உக்காருவாங்களா, இல்ல தனியா விட்டுருவாங்களா? மறைக்காத, எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். நான் நொமாகூட அந்த வழியில ஒரு தடவ நடக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். முதல் நாள்லேருந்து சொல்லு. கானோவத் தாண்டினதும் என்ன இருக்கு?

— நான் கானோவுக்கே போனதில்ல மம்மி.